செய்மதிக்குக் குளிரும் தகரம்

எங்கள் பாடசாலையின் புவியியல் அறைச் சுவரில் கிளிநொச்சி நகரின் இரண்டு படங்களை அருகருகே ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் செய்மதியிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு உருவானவை. இரண்டிலும் சிவப்பு நிறம் நிறைய இருக்கிறது. இடப்பக்கப் படத்தில் சிவப்பாகத் தெரிவன வேம்பும் தென்னையும் மாமரமும் நிற்கும் வளவுகள். வலப்பக்கப் படத்தில் சிவப்பாகத் தெரிவது காலை வெயிலில் சூடேறிய தரை. ஒரு படத்தில் அடர் சிவப்பாக இருக்கும் இடம் மற்றப் படத்தில் பெரும்பாலும் நீலமாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்கள் இவற்றின் முன் நின்று குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பரிசளிப்பு விழாவுக்கு வந்த அம்மாவும் ஒருமுறை அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். "பிள்ளை, இதில எங்கட வளவு எங்க கிடக்கு?" என்று கேட்டார். இடப்பக்கப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. வலப்பக்கப் படத்தில் காட்ட முயன்றபோது எங்கள் வளவும் பக்கத்து வளவுகளும் ஒழுங்கையும் ஒரே நிறத் திட்டாகக் கலந்து கிடந்தன. "அப்ப எங்கட வீட்டுச் சூட்டை இது எப்படிச் சொல்லும்?" என்றார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சில ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் பதில்.

முதலில் கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியம் ஒன்றினூடாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியே அதிகமாக ஏறியது. அகச்சிவப்புக் கதிரை மனிதர் அறிந்துகொண்டது இப்படித்தான். இதே பரிசோதனையைக் குமிழுக்குக் கறுப்பு மை பூசிய மூன்று வெப்பமானிகளைக் கொண்டு மாணவர்களுடன் பாடசாலை முற்றத்தில் செய்திருக்கிறோம். தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தி, அதன் முனையைக் கைத்தொலைபேசிக் கமராவில் பார்க்கச் சொன்னால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத விளக்கு பல தொலைபேசிகளில் மினுங்கும். அதுவும் அகச்சிவப்புத்தான், ஆனால் அதைத் தொட்டால் சுடுவதில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் சுவரில் இருக்கும் இரண்டு படங்களும் தாமாகவே பிரிந்துவிடும்.

அகச்சிவப்பு என்பது மிக அகலமான ஒரு பட்டை. சிவப்பு ஒளிக்கு அடுத்தாற்போல், சுமார் 0.7 முதல் 1.3 மைக்ரோமீற்றர் வரையான அண்மை அகச்சிவப்பு, சூரியனிலிருந்து வந்து பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளி. 10 மைக்ரோமீற்றரை அண்டிய வெப்ப அகச்சிவப்பு, பொருள்கள் தம் சூட்டினால் தாமே வெளிவிடும் கதிர். நிலமும் கூரையும் நம் உடலும் இரவிலும்கூட அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. இடையில் 1.5 முதல் 2.5 மைக்ரோமீற்றர் வரை குற்றலை அகச்சிவப்பு இருக்கிறது. அது ஈரத்தைக் கண்டால் மங்கும். காய்ந்த மண்ணிலும் சீமெந்திலும் பட்டால் பளிச்சிடும். நகரங்களை ஆராய்பவர்களுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு சாட்சிகள். மூன்றையும் ஒரே சாட்சியாக எண்ணி வாக்குமூலம் கேட்பதனால் வரும் பிழைகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பச்சை இலை அண்மை அகச்சிவப்பில் ஏன் அப்படி ஒளிர்கிறது என்பது அழகான செய்தி. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உணவாக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பு இலைக்குப் பயன்படுவதில்லை. இலையின் உள்ளே கலங்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவில் அது பட்டுப்பட்டுச் சிதறி, ஏறக்குறையப் பாதியளவு வெளியே திரும்பிவிடுகிறது. வெட்டிய கிளை வாடும்போது அந்தத் திரும்பல் மாறத் தொடங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இலைகுழைகளால் மூடி மறைத்த இராணுவ நிலைகளை உயிருள்ள காட்டிலிருந்து பிரித்தறியவே அகச்சிவப்புக்கு உணர்வுள்ள நிறப் படச்சுருள் உருவாக்கப்பட்டது. அந்தச் சுருளில் அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகக் காட்டிய மரபுதான் இன்றும் தொடர்கிறது. என் சுவரில் வேம்பு சிவந்திருப்பதற்கு அதுவே காரணம். போருக்காகப் பிறந்த இந்தக் கலையை, மரங்களும் மனிதரும் போரால் அடிபட்ட ஊரிலிருந்து கற்பிக்கிறேன் என்பதை நான் ஒருபோதும் மறந்ததில்லை.

செய்மதி என்ற சொல்லே எங்களில் பலருக்கு 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில்தான் நெருக்கமாக வந்தது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் சனங்கள் அடைபட்டிருந்த துண்டு நிலத்தின் படங்களை ஐக்கிய நாடுகள் சபையின் யுனோசாட் பிரிவு ஆராய்ந்து கொண்டிருந்தது என்பதை நாங்கள் பின்னர் அறிந்துகொண்டோம். மேலிருந்து பார்க்கும் கண் ஒன்று இருந்தது என்ற எண்ணம் சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்குத் தாங்க முடியாததாகவும் இருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இங்கே இடமில்லை. ஆனால் வன்னியில் ஒருவர் செய்மதிப் படத்தை விரித்தால் அதைப் பார்ப்பவர்களின் மனத்தில் முதலில் எழுவது நகரத் திட்டமிடல் அன்று என்பதை, இங்கே இந்தத் துறையில் வேலை செய்ய வருபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நான் பயன்படுத்தும் படங்கள் அவ்வளவு கூர்மையானவை அல்ல. அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதித் தொடரில் 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதலாவதுக்கு அண்மை அகச்சிவப்பு தெரியும். ஆனால் அதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் சுமார் 80 மீற்றர் அகலமானது. 1984இல் வந்த லான்ட்சாட் 5இல் அது 30 மீற்றர். அதன் வெப்பப் பட்டை 120 மீற்றரில் இருந்தது. 1999இல் வந்த லான்ட்சாட் 7க்கு வெப்பப் பட்டை 60 மீற்றர். ஆனால் 2003 மே மாதத்தில் அதன் வரித் திருத்தும் பாகம் பழுதடைந்ததால் அதன்பின் வந்த ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறும் கோடுகளாகப் போனது. 2013இல் லான்ட்சாட் 8உம் 2021இல் லான்ட்சாட் 9உம் சேர்ந்தன. இவற்றின் வெப்பப் பிக்சல் 100 மீற்றர். ஐரோப்பியரின் சென்டினல் 2 செய்மதிகள் 2015 முதல் 10 மீற்றர் அகச்சிவப்பைத் தருகின்றன. அவற்றில் வெப்பப் பட்டை இல்லை. லான்ட்சாட்டின் முழுக் களஞ்சியமும் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கிளிநொச்சியில் இணைய இணைப்பும் ஒரு பழைய மடிக்கணினியும் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் தன் ஊரின் நாற்பது ஆண்டுகளைத் திறந்து பார்க்க முடிகிறதென்றால், அந்த ஒரு முடிவே அதற்கு முழுக் காரணம். ஒரு படத்துக்குக் காசு கட்ட வேண்டியிருந்த காலத்தில் எனக்கு இந்த வாசல் திறந்திருக்காது.

அந்த நாற்பது ஆண்டுகளில் எனக்கு அதிகம் கற்பித்த படங்கள் 2009க்கும் 2011க்கும் இடைப்பட்டவை. நகரங்களை ஆராயும் நூல்கள் பொதுவாகச் சொல்வது இதுதான்: தாவரக் குறிகாட்டி குறைந்தால் நகரம் பரவுகிறது, கூடினால் பசுமை மீள்கிறது. சிவப்பு ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்தக் குறிகாட்டி கிடைத்துவிடும், கணிப்பது எளிது. ஆனால் 2008 பிற்பகுதியில் எங்கள் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் ஆளில்லாமற் போன பிறகு, அடுத்தடுத்து வந்த மாரிகளில் வளவுகளில் நாயுருவியும் பற்றையும் எழுந்தன. கிணற்றுக்கட்டை மூடிக் கொடி படர்ந்தது. கூரை இல்லாத சுவர்களுக்குள் மரக்கன்றுகள் முளைத்தன. செய்மதிப் படத்தில் அவை எல்லாம் சிவந்து செழித்துத் தெரிகின்றன. கணிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் நலமடைந்தது என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும். பின்னர் சனங்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, தோட்டம் கொத்தியபோது சிவப்பு குறைகிறது. கணிப்போ அதனை அழிவு என்று சொல்கிறது. வன்னியில் ஒரு சிவப்புப் பிக்சலைப் பார்க்கும்போது இது ஆள் நட்ட மரமா, ஆளில்லாமல் எழுந்த பற்றையா என்று கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

இரண்டாவது குழப்பம் வயல். கட்டடப் பரப்பைப் பிரித்தெடுக்கப் பலரும் பயன்படுத்தும் குறிகாட்டி, சீனாவின் நாஞ்சிங் நகரை வைத்து 2003இல் வெளியிடப்பட்டது. குற்றலை அகச்சிவப்பில் கட்டடங்கள் பிரகாசமாகவும் அண்மை அகச்சிவப்பில் அதைவிட மங்கலாகவும் இருப்பதால், இரண்டின் வேறுபாடு கூடிய இடம் நகரம் என்று அது கொள்கிறது. ஈரமும் பசுமையும் சூழ்ந்த நகருக்கு அது பொருந்தும். இங்கே ஆவணி மாதத்தில் சோளகம் வீசி முடியும் நாட்களில், கோடை நெற்செய்கையான சிறுபோகம் செய்யப்படாத வயல்கள் வெடித்துக் காய்ந்து கிடக்கும். காய்ந்த களிமண்ணும் அரிதாளும் குற்றலையில் சீமெந்தைப் போலவே பளபளக்கும். நான் முதன்முதலாக அந்தக் கணிப்பைச் செய்தபோது கிளிநொச்சி நகரம் ஏ9 வீதியிலிருந்து கிழக்கே விரிந்து முரசுமோட்டை வரை ஒரே கட்டடமாகத் தெரிந்தது. முரசுமோட்டையில் வயல் செய்யும் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, "இது கடைசித் தண்ணி விடாத துண்டுகள், தம்பி" என்று ஒவ்வொன்றாக வாய்க்கால்வாரியாகப் பிரித்துச் சொன்னார். இரணைமடுக் குளத்திலிருந்து அந்த ஆண்டு எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்தது. என் கணினியில் அது நகரமாகப் பதிவாகியிருந்தது.

இதற்கு ஒரு வழி உண்டு. தனி ஒரு நாளின் படத்தை விட்டுவிட்டு, ஓர் ஆண்டின் முகிலில்லாத படங்களை எல்லாம் அடுக்கி, ஒவ்வொரு பிக்சலும் அந்த ஆண்டில் எட்டிய உச்சப் பசுமையை எடுத்தால், மாரி நெற்செய்கையான காலபோகத்தில் ஒருமுறையேனும் பச்சை கண்ட வயல் பிரிந்துவிடும். மாரியிலும் கோடையிலும் ஒரே மாதிரி வெறுமையாக இருப்பதே வீதியும் கூரையும் சீமெந்து முற்றமும். இப்படிச் செய்தபோது கிளிநொச்சியின் உண்மையான வடிவம் வெளிவந்தது. அது வட்டமாக வளரும் நகரம் அன்று. பரந்தனிலிருந்து கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி வழியாகத் தெற்கே நீளும் ஒரு கயிறு. அதிலிருந்து கனகபுரம், வட்டக்கச்சிப் பக்கங்களுக்குப் பிரியும் வீதிகளில் சிறு முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு குடியேற்றத் திட்டமாக 1930களில் தொடங்கிய ஊரின் காணிப் பிரிப்பு இன்னும் அந்த வடிவத்துக்குள் தெரிகிறது. பெரிய வளவுகளும் நேரான ஒழுங்கைகளும் ஒழுங்கைக்கு அப்பால் வயலுமாக அது கிடக்கிறது.

வவுனியாவுக்கு வந்தால் பார்க்க வேண்டியது வேறு. அந்த நகரின் பகுதிகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே போதும்: பண்டாரிக்குளம், வைரவப்புளியங்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம். நகரம் குளங்களுக்கு நடுவில் வளர்ந்தது. தண்ணீர் அண்மை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுவதால் குளம் படத்தில் மையைப் போலக் கறுப்பாகத் தெரியும். அலைகரை எது, நிரப்பிய மண் எது என்பதை ஆண்டுவாரியாகக் கோடு கீறிக் காட்டலாம். ஆனால் சல்வீனியாவோ ஆகாயத்தாமரையோ மூடிய குளம் செழித்த தோட்டத்தைப் போலச் சிவந்து நிற்கும். தண்ணீர் வற்றிய ஆவணிப் படத்தில் குளமே இல்லை என்று தோன்றும். ஒரு குளத்தின் எல்லையை அது நிறைந்திருக்கும் தை மாதத்துப் படத்தை வைத்துத்தான் வரைய வேண்டும். வற்றிய நாளின் படத்தைக் காட்டி "இங்கே குளம் இல்லை, தரிசு நிலம்தான்" என்று ஒருவர் வாதிட இடம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது, கோடையில் தரிசாகத் தெரிந்த பல இடங்கள் தாம் யாருடையவை என்பதைத் தண்ணீரைக் கொண்டே சொல்லின.

இனி வெப்பப் படம். அம்மாவின் கேள்வி அதைப் பற்றியதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நகரின் சூட்டைக் குறைக்க எங்கெங்கே மரம் நடுவது என்று தீர்மானிக்கும் கூட்டம் ஒன்றுக்கு ஆசிரியர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். திரையில் லான்ட்சாட் வெப்பப் படம் ஒன்று போடப்பட்டது. சூடான இடங்கள் சிவப்பு, குளிர்ந்த இடங்கள் நீலம். வயல்வெளிகள் கடும் சிவப்பாக இருந்தன. நகரம் மஞ்சளாக இருந்தது. பெரிய களஞ்சியங்களின் கூரைகள் தெளிவான நீலச் சதுரங்களாகத் தெரிந்தன. புதுத் தகரக் கொட்டில்கள் நெருங்கி நின்ற ஒரு குடியிருப்பும் சுற்றியிருந்த வெறுந்தரையைவிட நீலச் சாயலில் இருந்தது. அந்தக் குடியிருப்புக்கு மரம் அவசரமில்லை என்று சொல்லப்பட்டது. படத்தைப் போட்டவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். அவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பில் என் மாணவர்கள் இருந்தார்கள். பகல் நேரத்தில் அந்தக் கொட்டில்களுக்குள் ஒருவராலும் இருக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஏனென்றால் 2010இல் ஊர் திரும்பியபோது எங்களுக்கும் நிவாரணமாகக் கிடைத்தவை தகரத் தகடுகளே. செய்மதி எங்கள் தலைக்கு மேலாகக் கடந்துபோகும் காலை பத்தேகால், பத்தரை மணிக்குள்ளேயே, அம்மா அடுப்பை வெளியே எடுத்துவைத்து வேப்பமரத்தின் கீழே சமைக்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கூரையைப் படம் எப்படிக் குளிர் என்று சொல்லும்? அன்றிரவு நான் தூங்கவில்லை. பாடப் புத்தகத்தை எடுத்துக் கணக்கிட்டேன்.

விடை கதிர்விடு திறனில் இருக்கிறது. ஒரே சூட்டில் இருக்கும் எல்லாப் பொருள்களும் ஒரே அளவு வெப்பக் கதிரை வெளிவிடுவதில்லை. மிகச் சிறப்பாக வெளிவிடும் ஒரு கற்பனைப் பொருளின் திறனை 1 என்று கொண்டால், தண்ணீருக்கும் பச்சை இலைக்கும் அது 0.98ஐ அண்டியது; சீமெந்துக்கும் ஓட்டுக்கும் 0.9க்கு மேல். பளபளக்கும் புதிய நாகமுலாம் தகரத்துக்கு அது கால்பங்கு அளவுதான். மீதி முக்கால் பங்குக்குத் தகரம் ஒரு கண்ணாடி. வெப்ப அகச்சிவப்பில் அது தன் சூட்டைச் சொல்லாமல், மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தைக் காட்டுகிறது. 60 பாகை செல்சியஸில் கொதிக்கும் ஒரு தகரத்தையும், அந்தப் பட்டையில் பூச்சியத்துக்கு மூன்று பாகை கீழாகத் தெரியும் முகிலற்ற வானத்தையும் எடுத்துக்கொண்டு, திறனை 0.25 என்று வைத்துக் கணித்தால், செய்மதி காணும் சூடு ஏறத்தாழ 16 பாகை. கொதிக்கும் கூரை மாரிக்கால விடியலின் குளிரில் இருப்பதாகப் பதிவாகிறது. தகரம் பழுதாகித் துருவேறினால் நிலைமை மாறும். துருவுக்குக் கதிர்விடு திறன் மிக அதிகம். ஆகவே ஒரே கொட்டில் ஒரே வெயிலில் நிற்க, பத்து ஆண்டுகளில் அது சூடாகிக்கொண்டே வந்ததாக ஒரு தொடர் படம் சொல்லக்கூடும். கூடியது துரு மட்டுமாகவே இருக்கலாம்.

இதைத் திருத்துவதற்கு வழி இல்லாமல் இல்லை. லான்ட்சாட்டின் நிலமேற்பரப்பு வெப்பநிலைத் தரவு ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதிர்விடு திறனைக் கொண்டு திருத்தப்பட்டே வருகிறது. அந்தத் திறனை அவர்கள் எடுத்த இடத்தைத் தேடிப் போனபோதுதான் நான் உண்மையில் அதிர்ந்தேன். டெரா செய்மதியில் உள்ள ஆஸ்டர் கருவி 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களின் சராசரியிலிருந்து உருவான உலக வரைபடம் அதற்கு அடிப்படையாக இருக்கிறது. உலகின் பெரும்பாலான நகரங்களுக்கு அது போதுமாக இருக்கலாம். கிளிநொச்சிக்கு அந்த ஒன்பது ஆண்டுகள் இன்னொரு ஊருக்குரியவை. அப்போது இருந்த ஓட்டு வீடுகளும் கிடுகு வேய்ந்த கொட்டில்களும் இன்று இல்லை. இப்போது நிற்கும் தகரமும் சீமெந்தும் அப்போது இல்லை. தாவரம் கூடுவதையும் குறைவதையும் பார்த்து அந்தத் தரவு தன்னை ஓரளவு திருத்திக்கொள்கிறது. கிடுகின் இடத்தில் தகரம் ஏறியதை அதனால் அறிய முடியாது. இன்றைக்கு எடுக்கும் ஒவ்வொரு வெப்பப் படத்துக்கும் அடியில், இல்லாமற்போன எங்கள் ஊர் ஓர் எண்ணாக இருந்துகொண்டே இருக்கிறது.

இதோடு பிக்சல் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு மீற்றர் சதுரம் என்பது ஒரு ஹெக்டேயர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அந்த ஒரு எண்ணுக்குள் எங்கள் வீடும் பக்கத்து இரண்டு வீடுகளும் கோழிக்கூடும் வேம்பும் ஒழுங்கைப் புழுதியும் அடங்கிவிடும். படங்கள் 30 மீற்றர்க் கட்டங்களாக மாற்றித் தரப்படுவதால் பார்ப்பவர்கள் வீட்டுக்கு வீடு சூடு அளக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். மாமரத்தின் கீழே நிற்கும் தகரக் கொட்டிலைச் செய்மதி காணவே காணாது. அது காண்பது மாமரத்தின் குளிர்ந்த தலையை மட்டும். வெட்டவெளியில் இருக்கும் தகரத்தைக் கண்டாலும் அதைக் குளிர் என்கிறது. எப்படிப் பார்த்தாலும் கூரைக்குக் கீழே பாயில் படுத்திருக்கும் கிழவியின் சூடு அந்தப் படத்தில் இல்லை.

வயல்கள் நகரைவிடச் சிவந்திருந்ததும் பிழையல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. காய்ந்து வெடித்த மண் காலை வெயிலில் மளமளவென்று சூடேறும். வளவுகளில் மரம் நிற்கும் நகரம் அதே நேரத்தில் அதைவிடக் குளிர்ந்திருக்கும். வறண்ட நிலங்களில் உள்ள நகரங்கள் பலவற்றில் பகல் நேரத்தில் இப்படியே காணப்படுகிறது. நகரத்தின் உண்மையான சூடு இரவில் தெரியவரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வெப்பமானிகளை வைத்து, நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடு என்று லூக் ஹோவார்ட் முதன்முதலாகக் காட்டியபோதே, வேறுபாடு இரவில்தான் பெரிதாக இருந்தது. வயல் மண் பொழுதுபட்டதும் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு ஆறும். கொங்கிறீற் தட்டும் சீமெந்துக் கல்லும் தாரும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை மெல்ல மெல்ல விடும். திட்ட வீடுகளில் பங்குனி, சித்திரை இரவுகளில் சனங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வருவது அதனால்தான். காலை பத்தரைக்குக் கடக்கும் லான்ட்சாட் வழக்கமாக இதைக் காண்பதில்லை. 2018 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி நாளின் வெவ்வேறு நேரங்களில், இரவிலும்கூட, சுமார் 70 மீற்றர் அளவில் வெப்பத்தைப் பார்க்கிறது. அதன் இரவுப் படங்களை நான் இப்போது சேர்த்து வருகிறேன். பகலில் சிவந்த வயல்கள் அவற்றில் கறுத்துக் கிடக்க, ஏ9 வீதியோரக் கடைத்தொகுதிகள் மெல்லிய கோடாக ஒளிர்கின்றன. பகலில் குளிர்ந்திருந்த குளங்கள் நிலத்தைவிடச் சூடாக, விளக்கேற்றி வைத்ததுபோலத் தெரிகின்றன.

ஆகவே இந்தப் படங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக ஒரே முறையில் தொடர்ந்து வைக்கப்பட்ட பதிவு இது ஒன்றுதான். எங்கள் அரசாங்கக் கச்சேரிகளின் கோப்புகளும் குடும்பங்களின் காணி உறுதிகளும் எரிந்தும் தொலைந்தும் போன ஆண்டுகளிலும் இந்தப் பதிவு நின்றதில்லை. எங்கே மரம் வெட்டப்பட்டது, எந்தக் குளத்தின் அலைகரை குறுகியது, வீதியோரக் கட்டடம் எந்த ஆண்டில் வயலுக்குள் இறங்கியது என்பவற்றைக் கேட்டால் அது நேர்மையாகச் சொல்லும். சூட்டைக் கேட்கும்போது மட்டும் கூரை என்ன பொருளால் ஆனது, நேரம் என்ன, மாதம் என்ன என்று நாம் அதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கக்கூடியவர்கள் இங்கே இருப்பவர்களே. அறிவியல்நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் பிள்ளைகளும் வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் இந்தப் பணியைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நாங்கள் பாடசாலையில் செய்வது சிறியது. லான்ட்சாட் கடக்கும் நாட்களைக் குறித்து வைத்து, முகில் இல்லாவிட்டால், மாணவர்கள் தத்தம் வீட்டில் காலை பத்தரைக்கும் இரவு ஒன்பதுக்கும் கூரைக்குக் கீழே ஒரு வெப்பமானியையும் மரத்தின் கீழே ஒன்றையும் வாசித்து எழுதுகிறார்கள். பக்கத்தில் கூரையின் பொருளையும் எழுத வேண்டும்: ஓடு, அஸ்பெஸ்டஸ் சீற், புதுத் தகரம், துருத் தகரம், கிடுகு. இந்தக் கடைசி நிரல் என்னிடம் இருப்பதால்தான், நான் அந்தக் குடியிருப்பின் நீலத்துக்கு எதிராக ஒரு பக்கம் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிக்க முடிந்தது. அந்த ஆண்டு மாரி தொடங்கியபோது அங்கே ஒழுங்கையோரமாக வேம்பும் மருதும் நட்டார்கள். சிலவற்றை ஆடு கடித்தது. மற்றவை இப்போது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. சென்டினலின் பத்து மீற்றர்ப் படத்தில் அந்த ஒழுங்கை இந்தத் தை மாதம் முதன்முதலாகச் சிவப்பு நூலாகத் தெரிந்தது.

எங்களுக்கு இப்போது ஓட்டு வீடு. பழைய தகரங்களை அம்மா எறியவில்லை. வளவின் பின்புறம் விறகுக் கொட்டிலுக்கு மேலே போட்டிருக்கிறார். பதினைந்து மாரிகளில் அவை முழுவதும் துருவேறிச் செம்மண்ணின் நிறத்துக்கு வந்துவிட்டன. போன பங்குனியில், செய்மதி கடக்கும் நேரத்தில், நான் ஏணி வைத்து ஏறி ஒரு தகட்டின் மேல் வெப்பமானியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே வேப்பமர நிழலில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கையைச் சுட்டுப்போடாத, பிள்ளை" என்றார்.